பெயர் முந்தியது, செடி பிந்தியது

உலர்தாவரகத்தில் ஒரு செடி இடம்பெற வேண்டுமெனில் அதை அழுத்தி, உலர்த்தி, தாளில் ஒட்டி, ஓரத்தில் ஒரு சீட்டு எழுத வேண்டும்: பெயர், கிடைத்த இடம், பறித்த நாள், பறித்தவர். சீட்டில்லாத செடி தாவரவியலாருக்கு வெறும் சருகு. பெயர் கிடைத்தும், அப்பெயருக்குரிய செடி இன்னதென்று தெளிய ஏறத்தாழ 1,800 ஆண்டுகள் காத்திருந்த ஒரு கள்ளியின் வரலாற்றை இங்கே காண்போம்.

சகாராவின் வடமேற்கு விளிம்பில், மொராக்கோவின் அட்லஸ் மலைகளின் வறண்ட சரிவுகளில் அது வளர்கிறது. நமது சதுரக்கள்ளிக்கு உறவு; நாற்பட்டைத் தண்டும் முள்ளும், கீறினால் வடியும் பாலும் அதற்கும் உண்டு. அந்தப் பால் உறைந்த பிசின் பண்டைக் காலந்தொட்டே மருந்தாக விலைபோயிற்று.

மௌரித்தேனியாவைக் கி.மு. 25 முதல் கி.பி. 23 வரை ஆண்ட இரண்டாம் ஜூபா மன்னர், தம் மருத்துவர் யூஃபோர்பஸின் பெயரை இச்செடிக்குச் சூட்டினார் என்கிறார் ரோம அறிஞர் பிளினி. பாலின் காரத்துக்கு அஞ்சி, எட்ட நின்று நீண்ட கழியால் தண்டைக் கீறுவார்கள் என்றும் அவர் எழுதியிருக்கிறார்.

பெயர் நிலைத்துவிட்டது. 1753இல் லின்னேயஸ் அதையே பேரினம் முழுமைக்கும் யூஃபோர்பியா என்று வழங்கினார். ஆனால் மருந்துப் பிசின் தருவதாக அவர் கருதிய யூஃபோர்பியா அஃபிசினாரம் வேறோர் இனம். 'மருந்துக்கடைக்குரியது' என்பது அப்பெயரின் பொருள்!

பிழை திருந்தியது 1863இல். ஜெர்மானியரான ஓட்டோ பெர்க், வணிகச் சரக்கான பிசினோடு கலந்து வந்த செடித் துணுக்குகளை ஆராய்ந்து, யூஃபோர்பியா ரெசினிஃபெரா என்ற புதிய இனத்தை விவரித்தார். எட்டாண்டுகள் கழித்து, 1871இல், கியூ தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ஜோசஃப் ஹூக்கர், ஜான் பால், ஜார்ஜ் மா ஆகியோர் தாவரங்களைச் சேகரிக்க அட்லஸ் மலைக்குச் சென்றனர். 1878இல் வெளியான அவர்களது பயணநூல் இக்கள்ளியைப் பற்றியும் பேசுகிறது.

சதைப்பற்றுள்ள கள்ளிகள் உலர்தாவரகத்துக்கு எளிதில் பணிவதில்லை. அழுத்துப் பலகைக்குள்ளும் உயிர் பிடித்திருக்கும். பிளந்தோ கொதிநீரில் அமிழ்த்தியோதான் அவற்றை உலர்த்த இயலும்.

இனி, சீட்டின் கடைசி வரிக்கு வருவோம்: பறித்தவர் யார்? மொராக்கோவில் நெடுநாள் வணிகம் செய்த ஜேம்ஸ் கிரே ஜாக்சன், 1809இல் வெளியிட்ட நூலில் பிசின் சேகரிப்போரைக் குறிப்பிடுகிறார். அதன் தூசு ஓயாத தும்மலை உண்டாக்குவதால் அவர்கள் வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொள்வார்களாம். அந்தப் பாலின் கடும் எரிச்சலுக்குக் காரணமான ரெசினிஃபெராடாக்ஸின் என்ற பொருள் 1975இல் பிரித்தறியப்பட்டது. மிளகாயின் காரத்தை உணரும் நரம்பு ஏற்பியையே அது பன்மடங்கு வீரியத்துடன் தூண்டுகிறது. அவ்வேற்பியை 1997இல் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

செடியின் அறிவியற்பெயரில் மருத்துவர் யூஃபோர்பஸ் இருக்கிறார். அப்பெயரை அடுத்து, மரபுப்படி, பெர்க் இருக்கிறார். மூக்கில் துணி கட்டி மலைச்சரிவில் தண்டைக் கீறியவர் எங்கும் இல்லை. ஆயினும் பெர்க்கின் மேசைக்கு வந்த துணுக்குகள் அவர் கைப்பட்டு உதிர்ந்தவையே. அறிவியலுக்கு இச்செடியின் முதல் மாதிரியைச் சேகரித்துத் தந்தவர் அவர்தாம் என்று, எழுதப்படாத அந்தச் சீட்டில் நாம் எழுதிக்கொள்ளலாம்.