ஆங்கிலத் தொடர்வினைக் காலத்தின் வரலாறு

ஒரு செயல் தொடங்கி, இன்னும் முடியாமல் நடந்துகொண்டிருப்பதைக் காட்டும் வினைவடிவம் தொடர்வினைக் காலம் ஆகும். இன்றைய ஆங்கிலத்தில் இது 'பீ' என்னும் துணைவினையின் உரிய வடிவத்துடன், 'இங்' ஈறு பெற்ற முதன்மை வினையைச் சேர்த்து அமைக்கப்படுகிறது. 'ஐ ரீட்' என்பது வழக்கமாகப் படிப்பதையும், 'ஐ ஆம் ரீடிங்' என்பது இப்போது படித்துக்கொண்டிருப்பதையும் குறிக்கும். இவ்வேறுபாடு கட்டாய விதியானது பிற்காலத்தில்தான்.

தோற்றம்

பழைய ஆங்கிலத்தில் துணைவினையுடன் 'எண்டே' ஈறு கொண்ட எச்சம் சேர்ந்து வந்தது. இடைக்கால ஆங்கிலத்தில் அவ்வீட்டின் இடத்தை, தொழிற்பெயருக்கு உரிய 'இங்' ஈறு பிடித்தது. எனினும் சாதாரண நிகழ்காலமே நெடுங்காலம் இரு பொருளுக்கும் பயன்பட்டது. 1600ஆம் ஆண்டையொட்டி எழுதப்பட்ட சேக்சுபியரின் ஹாம்லெட் நாடகத்தில், கையில் நூலுடன் இருக்கும் இளவரசனிடம், என்ன படிக்கிறார் என்பதைப் பொலோனியசு சாதாரண நிகழ்காலத்திலேயே கேட்கிறார்.

செயப்பாட்டு வடிவமும் எதிர்ப்பும்

18ஆம் நூற்றாண்டில் வீடு கட்டப்பட்டுக்கொண்டிருப்பதை 'த ஹவுஸ் இஸ் பில்டிங்' என்றே எழுதினர். அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் 'இஸ் பீயிங் பில்ட்' என்னும் புதிய அமைப்பு தலைகாட்டியது. கவிஞர் இராபர்ட் சதே 1795இல் எழுதிய கடிதமொன்றில் இவ்வமைப்பு உள்ளது. அமெரிக்க எழுத்தாளர் ரிச்சர்ட் கிராண்ட் ஒயிட் 1870இல் வெளியிட்ட நூலில் இதைக் கடுமையாகச் சாடினார். ஆனால் மக்கள் வழக்கே வென்றது. அன்று பிழை எனப்பட்ட அவ்வடிவமே இன்று பள்ளிகளில் இலக்கண விதியாகக் கற்பிக்கப்படுகிறது. அன்று சரியெனப்பட்ட பழைய வடிவத்தை எழுதும் மாணவருக்கு இன்று மதிப்பெண் குறையும்.