ஆவுளியா

ஆவுளியா ஆழம் குறைந்த வெப்பக் கடல்களில் புல் மேய்ந்து வாழும் பாலூட்டி. நூல்களில் இது கடற்பசு எனப்படும். பாக் விரிகுடா, மன்னார் வளைகுடாக் கரையோர மீனவர் ஆவுளியா என்பர். வாழ்நாள் முழுவதையும் கடலிலேயே கழித்துத் தாவர உணவையே நம்பியிருக்கும் பாலூட்டி இன்று இது ஒன்றுதான். உருவத்தில் ஓங்கிலை ஓரளவு ஒத்திருந்தாலும் உறவுமுறையில் யானைக்கே நெருக்கமானது. வயது வந்த ஆணுக்கு யானையைப் போலவே இரு சிறு தந்தங்கள் வெளித்தெரியும். அவற்றின் உள்ளடுக்குகளை எண்ணி விலங்கின் வயதைக் கணிப்பார்கள்.

வளர்ந்த ஆவுளியா ஏறத்தாழ 3 மீட்டர் நீளமும் 400 கிலோ எடையும் கொண்டது. துடுப்பு போன்ற இரு முன்கைகளும், திமிங்கிலத்துக்கு இருப்பதுபோல் பிளந்த வாலும் உண்டு. மூக்குத் துளைகள் முகத்தின் மேற்புறத்தில் அமைந்திருப்பதால், மூச்சு வாங்க வரும்போது மூக்கு நுனி மட்டுமே நீருக்கு மேல் தெரியும். கீழ்நோக்கி வளைந்த தடித்த மேலுதட்டால் கடலடி மணலைக் கிளறி, கடற்புல்லை வேரோடும் கிழங்கோடும் பிடுங்கி உண்ணும். அது மேய்ந்து சென்ற இடத்தில் புல்வெளியின் நடுவே ஒற்றையடிப் பாதை போன்ற வெற்றுத் தடம் நீளும். நாளொன்றுக்கு 30 முதல் 40 கிலோ வரை புல் தேவைப்படுகிறது.

இவ்விலங்கு எளிதில் அழிவுக்கு உள்ளாவதன் காரணம் அதன் இனப்பெருக்க முறையிலேயே இருக்கிறது. 70 ஆண்டுகள் வரை வாழக்கூடியது என்றாலும், பெண் ஆவுளியா முதல் குட்டியை ஈனப் பத்து ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகலாம். கருக்காலம் ஓராண்டுக்கு மேல். ஓர் ஈற்றுக்கு ஒரே குட்டிதான். அந்தக் குட்டி ஒன்றரை ஆண்டு வரை தாயின் அக்குளில் உள்ள முலைக்காம்பில் பால் குடிக்கும். அடுத்த ஈற்றுக்குப் பெரும்பாலும் 3 முதல் 7 ஆண்டுகள் இடைவெளி விழும். புல் குறைந்தால் இந்த இடைவெளி மேலும் நீளும். எல்லாச் சூழலும் சாதகமாக அமைந்தால்கூட ஒரு கூட்டத்தின் எண்ணிக்கை ஆண்டுக்கு 5 விழுக்காட்டுக்கு மேல் பெருகாது. சில நூறே எஞ்சியிருக்கும் கடலில், ஆண்டுக்கு ஒருசில தாய் விலங்குகள் மடிந்தாலே பெருக்கம் நின்று சரிவு தொடங்கிவிடும்.

கிழக்கு ஆப்பிரிக்கக் கரை முதல் மேற்குப் பசிபிக் தீவுகள் வரை ஆவுளியா பரவியுள்ளது. ஆஸ்திரேலியாவின் வடகரையிலும் பாரசீக வளைகுடாவிலும் பெருங்கூட்டங்கள் உள்ளன. இந்தியாவில் கட்ச் வளைகுடா, அந்தமான் நிக்கோபார் தீவுகள், தமிழகத்தின் தென்கிழக்குக் கடல் ஆகிய மூன்று இடங்களில் மட்டும் காணப்படுகிறது. இந்தியக் கடல்கள் அனைத்திலும் சேர்த்து ஏறத்தாழ 200 முதல் 250 வரையே எஞ்சியுள்ளன என்பது மதிப்பீடு.

முற்காலத்தில் இறைச்சிக்காகவும் மருந்தெனக் கருதப்பட்ட எண்ணெய்க்காகவும் இதை வேட்டையாடினர். இருபதாம் நூற்றாண்டிலும் கீழக்கரை, பெரியபட்டினம் பகுதியிலும் எதிர்க்கரையில் இலங்கையின் மன்னாரிலும் இறைச்சி விற்பனை நடந்தது. இவ்வினத்தின் உறவான ஸ்டெல்லர் கடற்பசு பேரிங் கடலில் 1741இல்தான் கண்டறியப்பட்டது. கப்பலோட்டிகளும் உரோம வேட்டைக்காரர்களும் உணவுக்காகக் கொன்றதில் 1768க்குள் அது அடியோடு அழிந்தது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஆவுளியா இடம்பெற்ற பிறகு வெளிப்படையான வேட்டை நின்றது. கள்ள விற்பனை முற்றிலும் ஒழியவில்லை.

இன்று வேட்டையைவிட வலையே பெரிய ஆபத்து. ஆவுளியா சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சு வாங்கியாக வேண்டும். திருக்கை போன்ற பெரிய மீன்களுக்காக விரிக்கும் அகலக் கண் வலையில் சிக்கினால் மேலே வர இயலாமல் மூச்சுத் திணறி இறக்கும். கொல்லும் எண்ணம் எவருக்கும் இல்லாமலேயே இந்தச் சாவு நேர்கிறது. வலையைத் தூக்கும்வரை மீனவருக்குத் தெரிவதும் இல்லை. ஆகவே வேட்டைத் தடைச் சட்டத்தால் மட்டும் இதைத் தடுக்க இயலாது.

மற்றோர் ஆபத்து மேய்ச்சல் நிலத்தின் அழிவு. கடற்புல் பாசி அன்று. வேரும் பூவும் உடைய தாவரம். அடி வரை வெயில் இறங்கினால்தான் வளரும். விசைப்படகுகளின் இழுவை மடி (இழுவை வலை) கடலடியை அரித்துச் செல்லும்போது புல் வேரோடு பெயர்கிறது, கிளம்பும் சேறு மிஞ்சிய புல்லுக்கும் வெளிச்சத்தை மறைக்கிறது. கழிவுநீரும் தூர்வாரும் பணிகளும் இதே கேட்டைச் செய்கின்றன. 1992இல் ஆஸ்திரேலியாவின் ஹெர்வி விரிகுடாவில் வெள்ளமும் புயலும் சேர்ந்து ஏறத்தாழ 1,000 சதுர கி.மீ. கடற்புல்லை அழித்தன. அடுத்த மாதங்களில் ஆவுளியாக்கள் பட்டினியால் செத்து ஒதுங்கின. பல வேறிடம் தேடிப் போயின.

தமிழக அரசு 2022 செப்டம்பரில் பாக் விரிகுடாவில் 448 சதுர கி.மீ. பரப்பை இந்தியாவின் முதல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. அதிராம்பட்டினம் முதல் அம்மாப்பட்டினம் வரை, தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் கரையோரக் கடல் இதில் அடங்கும். ஆவுளியாவைக் காக்கும் பணியில் மீனவர்களின் பங்கே முதன்மையானது. சிக்கிய ஆவுளியாவை வலையை அறுத்து உயிரோடு விடும் மீனவருக்கு வனத்துறை ஊக்கத்தொகை தருகிறது. ஒரு வலையின் விலை சிறுதொழில் மீனவருக்குப் பெரிய இழப்பு என்பதால், அந்தத் தொகை தாமதமின்றிக் கைக்கு வருவது திட்டத்தின் உயிர்நாடி.

ஆவுளியாக்களுக்குக் கடல் எல்லை தெரியாது. இலங்கைக் கடலிலும் இவ்வினம் சட்டப்படி பாதுகாக்கப்பட்டுள்ளது. இழுவை மடியை அந்நாடு 2017இல் சட்டத்தால் தடை செய்தது. பாக் விரிகுடாவின் இந்தியப் பகுதியில் இழுவைப் படகுகள் இன்னும் தொழில் செய்கின்றன. அவற்றை ஆழ்கடல் மீன்பிடிப்புக்கு மாற்றும் திட்டம் 2017இல் தொடங்கியும் மெதுவாகவே நகர்ந்தது.