ரெக்கார்டரும் சான்றிதழும்

மலேசிய ஆரம்பப் பள்ளிகளில் இசை தனிப்பாடமானது 1983-இல், கேபிஎஸ்ஆர் வந்தபோதுதான். ஓவியம், இசைக்கெல்லாம் ஆசிரியர்களை உருவாக்க 1960-லேயே செராஸில் ஒரு சிறப்புப் பயிற்சிக் கல்லூரி தொடங்கியிருந்தார்கள். ஓவியர் சைட் அஹ்மாட் ஜமால் அங்கே கற்பித்தவர். ஆனால் பள்ளிகளோ ஆயிரக்கணக்கில். அத்தனை இசையாசிரியர்களுக்கு எங்கே போவது? என் தமிழ்ப்பள்ளியில் கணக்கு வாத்தியார்தான் ரெக்கார்டரும் சொல்லிக்கொடுத்தார். யூபிஎஸ்ஆர் நெருங்கினால் இசை நேரத்திலும் கணக்குதான், அது தனிக்கதை.

பட்டதாரிகளுக்கென்று பின்னர் ஓராண்டு கேபிஎல்ஐ வந்தது. இசையில் பட்டம் வாங்கியிருந்தாலும் கற்பித்தல் பயிற்சி முடிக்கணும். இதில் எனக்கு மறுப்பில்லை. நன்றாகப் பாடுகிறவர் எல்லாருக்கும் முப்பது பிள்ளைகளைப் பாடவைக்கத் தெரியாது. ஆனால் எங்கள் ஊர்க் கோயிலில் தேவார வகுப்பு நடத்திய தாத்தாவுக்குத் தெரிந்திருந்தது. அவரிடம் எஸ்பிஎம்கூடக் கிடையாது. பள்ளிக்கு அவரை யாரும் கூப்பிடவில்லை.