கடலில்லாத் தீவுகள்: செஞ்சி வட்டாரச் சேரிகளும் காலநிலை நீதியும்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. செஞ்சிக்குத் தென்கிழக்கே உள்ள மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டியது. டிசம்பர் 3 அன்று தமிழ்நாடு அரசு நிவாரணத் தொகைகளை அறிவித்தது. 33 விழுக்காட்டுக்கு மேல் சேதமான நெற்பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய்; மானாவாரிப் பயிருக்கு 8,500 ரூபாய்; மாடு ஒன்றுக்கு 37,500 ரூபாய்; ஆடு ஒன்றுக்கு 4,000 ரூபாய்; சேதமடைந்த குடிசைக்கு 10,000 ரூபாய். விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் பெரிதும் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்குக் குடும்ப அட்டையின் அடிப்படையில் 2,000 ரூபாய்.

இந்தப் பட்டியலை நிதானமாகப் படித்தால் அதன் அடிப்படை விளங்கும். இழப்பீடு உடைமையைக் கணக்கிட்டுத் தரப்படுகிறது. நிலம் உள்ளவருக்கு ஹெக்டேர்க் கணக்கு. மாடு உள்ளவருக்குத் தலைக்கணக்கு. அந்த நிலத்தில் நாற்று நட்டவருக்கும் களை பறித்தவருக்கும் அறுவடைக் கூலியை நம்பியிருந்தவருக்கும் பட்டியலில் தனி வரிசை இல்லை. அவர்களது பருவம் முழுவதற்குமான இழப்பு 2,000 ரூபாய்க்குள் அடங்கிவிடுகிறது. இது ஓர் அதிகாரியின் பாரபட்சத்தால் நேர்ந்ததன்று. நிலமற்றவரைக் காணாத கணக்குமுறையால் நேர்ந்தது.

காலநிலை மாற்றத்தைத் தாங்கும் வாழ்வாதாரம் என்பது இன்று அரசுத் திட்டங்களிலும் தொண்டு நிறுவன அறிக்கைகளிலும் அடிக்கடி காணப்படும் சொற்றொடர். தலித், பழங்குடிக் குடியிருப்புகளைப் பொறுத்தவரை அது முதலில் ஒரு நிலக் கேள்வி என்பதைச் செஞ்சி வட்டாரத்தை முன்வைத்து இக்கட்டுரை விளக்குகிறது.

தீவு நாடுகளின் வாதம்

புவி வெப்பமாதலுக்கு மிகக் குறைவாகக் காரணமானவர்களே அதன் விலையை முதலில் செலுத்துகிறார்கள் என்ற வாதத்தை உலக அரங்கில் அழுத்தமாக முன்வைத்தவை சிறு தீவு நாடுகள். கடல்மட்ட உயர்வால் நேரும் இழப்புகளை ஈடுசெய்ய ஒரு பன்னாட்டு ஏற்பாடு வேண்டும் என்று 1991ஆம் ஆண்டிலேயே வனுவாட்டு அந்நாடுகளின் சார்பில் கோரியது. ‘இழப்பும் சேதமும்’ குறித்த நிதியம் ஒன்றை அமைக்க 2022இல் எகிப்தில் நடந்த காலநிலை மாநாட்டில்தான் உலக நாடுகள் ஒப்புக்கொண்டன. ஒரு கோரிக்கை முடிவாக மாற 31 ஆண்டுகள் ஆயின.

நாடுகளுக்கிடையே பொருந்தும் இந்த வாதம் ஓர் ஊருக்குள்ளும் பொருந்தும். செஞ்சியில் கடலில்லை. ஆயினும் இங்குள்ள பல சேரிகள் தீவுகளே. சுற்றிலும் பிறருடைய பட்டா நிலம். நடுவே நெருக்கமான வீடுகள். ஊரின் மேட்டுப்பகுதி ஏற்கெனவே ஊராரின் வசம் இருப்பதால் தாழ்வான இடம் அல்லது ஏரிக்கரை ஓரம். மயானத்துக்குப் பாதையில்லாமல் வயல் வழியே சடலத்தைச் சுமந்து செல்லும் அவலம் தமிழகத்தின் பல மாவட்டங்களில் இன்றும் செய்தியாகிறது. பெருமழைக் காலத்தில் இந்த உருவகம் உண்மையாகவே நிகழ்ந்துவிடுகிறது: வயல்கள் நிரம்புகின்றன, பாதை மூழ்குகிறது, சேரி நீரால் சூழப்படுகிறது.

2011 கணக்கெடுப்பின்படி தமிழக மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 20 விழுக்காடு. பிரிக்கப்படாத விழுப்புரம் மாவட்டத்தில் சுமார் 29 விழுக்காடு. 2025 ஏப்ரலில் ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாகச் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். வரவேற்கத்தக்க முடிவு அது. ஆனால் பெயர் மாறுவதால் இடம் மேடாகிவிடாது.

தாங்குதிறன் எதில் இருக்கிறது?

செஞ்சிக் கோட்டையே இதற்கு ஒரு விடை தருகிறது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் முகலாயப் படையின் முற்றுகையை அது ஏழு ஆண்டுகளுக்கும் மேலாகத் தாங்கி நின்றது. மதில் மட்டும் அதற்குக் காரணமன்று. மலைமேல் சுனைகளும் அடிவாரத்தில் குளங்களும் பெரிய நெற்களஞ்சியமும் இருந்தன. சேமித்த நீர், சேமித்த தானியம், பாதுகாப்பான இடம் ஆகிய மூன்றும் சேர்ந்ததே தாங்குதிறன். வறட்சியையோ வெள்ளத்தையோ ஒரு குடும்பம் கடப்பதற்கும் இம்மூன்றே வேண்டும். சாதி அமைப்பு நிலமற்றோருக்கு மறுத்ததும் இம்மூன்றையே.

நிலம்: 1892இன் வாக்குறுதி

செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர் ட்ரெமன்ஹீர் பறையர் மக்களின் நிலையை ஆராய்ந்து 1891இல் அறிக்கை அளித்தார். அதன் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30 அன்று அரசாணை எண் 1010 பிறந்தது. ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒப்படைக்கப்பட்ட அந்நிலங்களே பஞ்சமி நிலங்கள். முதல் பத்து ஆண்டுகளுக்கு அவற்றை யாருக்கும் கைமாற்ற முடியாது. அதன் பின்னரும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே கைமாற்றலாம். மீறினால் அரசு மீட்கலாம். மாகாணமெங்கும் 12 லட்சம் ஏக்கர் என்பது தலித் இயக்கங்கள் நெடுங்காலமாக முன்வைக்கும் கணக்கு. அதில் பெரும்பகுதி இன்று தலித்துகள் கையில் இல்லை. மீட்பு கோரிச் செங்கல்பட்டில் 1994 அக்டோபர் 10 அன்று நடந்த போராட்டத்தில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் காவல்துறையின் துப்பாக்கிச்சூட்டில் உயிரிழந்தனர். காரணைப் போராட்டம் என்று அது நினைவுகூரப்படுகிறது.

இதற்கும் காலநிலைக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். பயிர்க் காப்பீடு, பயிர்ச்சேத நிவாரணம், கூட்டுறவுப் பயிர்க்கடன், சொட்டுநீர்ப் பாசன மானியம், சூரியசக்தி மின்மோட்டார், பண்ணைக்குட்டை ஆகிய அனைத்துக்கும் நில ஆவணமே நுழைவுச்சீட்டு. பஞ்சமி நிலத்தை இழந்த குடும்பம் வயலை மட்டும் இழக்கவில்லை. காலநிலைத் தகவமைப்புக்கென அரசு ஒதுக்கும் நிதியின் பெரும்பகுதியையும் சேர்த்தே இழந்துவிட்டது.

தாட்கோ வழியாகச் செயல்படும் ‘நன்னிலம் மகளிர் நில உடைமைத் திட்டம்’ நிலமற்ற பட்டியல் சாதி, பழங்குடிப் பெண் விவசாயத் தொழிலாளர்கள் நிலம் வாங்கச் சந்தை மதிப்பில் பாதி, அதிகபட்சம் 5 லட்சம் ரூபாய் மானியம் தருகிறது. திசை சரியானது. எனினும் மீதிப் பாதியைத் திரட்டுவது கூலிக் குடும்பத்துக்கு எளிதன்று. சேரிக்கு நிலம் விற்க ஊரார் முன்வருவதும் அரிது. சந்தையில் வாங்கச் சொல்வதற்கு முன் சட்டப்படி உரியதை மீட்டுத் தருவதே முறை.

நீர்: ஏரி யாருடையது?

செஞ்சி மலைப்பகுதியில் தோன்றும் சங்கராபரணி ஆறு வீடூர் அணையை அடைந்து, புதுச்சேரி வழியாகக் கடலில் கலக்கிறது. இவ்வட்டாரம் பாறைப்பாங்கானது. நிலத்தடியில் நீர் தங்கும் அளவு குறைவு. எனவே நெல்லுக்கும் மணிலாவுக்கும் ஏரிகளும் அவற்றால் ஊறும் கிணறுகளுமே துணை. மழைநாட்கள் குறைந்து ஒவ்வொரு மழையின் வேகமும் கூடும்போது ஏரியின் முக்கியத்துவம் பன்மடங்காகிறது.

தமிழகத்தின் பல பகுதிகளில் ஏரி மதகைத் திறந்து மூடி வயல்களுக்கு நீர் பாய்ச்சிய நீர்க்கட்டிகள் தலித்துகளே. நீரின் கணக்கு அவர்கள் கையில் இருந்தது. நீரின் உரிமை இருக்கவில்லை. ஆயக்கட்டில் நிலமில்லாதவருக்குப் பாசன அமைப்பில் குரலில்லை. மீன் ஏலமும் கரை மரங்களின் பலனும் பெரும்பாலும் ஊர் ஆதிக்கத்தாரிடமே சேர்கின்றன.

ஏரிகளைப் பாதுகாக்க 2007இல் தமிழ்நாடு தனிச்சட்டம் இயற்றியது. ஆக்கிரமிப்பு அகற்றப்பட வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் வேறிடம் தரப்படாததால் ஏரிப் புறம்போக்கில் குடிசை போட்டவரும், வசதியிருந்தும் ஏரியைப் பயிர்நிலமாக்கியவரும் ஒரே தட்டில் வைக்கப்படுகின்றனர். நீர்நிலைப் புறம்போக்கில் வீட்டுமனைப் பட்டா கிடைக்காது. பட்டா இல்லையேல் நிலையான வீட்டுத் திட்டம் கிடைக்காது. ஆகவே ஒவ்வொரு மழையிலும் அதே குடிசை, அதே 10,000 ரூபாய். மாற்றுமனை தராமல் செய்யப்படும் வெளியேற்றம் பேரிடரை இடம் மாற்றுகிறதேயன்றித் தடுப்பதில்லை.

கூலி: வெள்ளத்திலிருந்து கொத்தடிமைக்கு

வேலை இழந்த பருவம் கடனில் முடிகிறது. கடன் முன்பணமாகிறது. முன்பணம் குடும்பத்தைச் செங்கல் சூளைக்கோ கரும்பு வெட்டுக்கோ மரம் வெட்டும் வேலைக்கோ கொண்டுசெல்கிறது. விழுப்புரம், திருவண்ணாமலை, செங்கல்பட்டு மாவட்ட இருளர் குடும்பங்கள் இச்சுழலில் மீண்டும் மீண்டும் சிக்குகின்றன. கொத்தடிமை முறை 1976ஆம் ஆண்டின் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. மீட்கப்பட்டவருக்கு விடுதலைச் சான்றிதழும் மறுவாழ்வு நிதியும் பெற உரிமை உண்டு. சான்றிதழ் இல்லாத மீட்பு மீண்டும் அதே சூளைக்குத் திரும்பும் வழியாகவே முடிகிறது. திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணி முன்னின்று வளர்த்த பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் இத்தகைய சான்றிதழ்களுக்காகவும் சாதிச் சான்றுக்காகவும் நெடுங்காலம் போராடி வருகிறது.

மகாத்மா காந்தி தேசிய ஊரக வேலை உறுதித் திட்டம் 2006 பிப்ரவரியில் நாட்டின் 200 மாவட்டங்களில் தொடங்கியபோது தமிழகத்தின் ஆறு மாவட்டங்களில் விழுப்புரமும் ஒன்று. நூறு நாள் வேலை, குறிப்பாகத் தலித் பெண்களுக்கு, ஆண்டையின் வயலைச் சாராத முதல் வருமானமாக அமைந்தது. வறட்சி ஆண்டில் அதுவே காப்பீடு. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய சட்டம் வேலை நாட்களை 125 ஆக உயர்த்துகிறது. ஆயினும் செலவில் 40 விழுக்காட்டை மாநிலங்கள் மீது சுமத்தி, விதைப்பு, அறுவடைக் காலங்களில் 60 நாட்கள் வரை பணிகளை நிறுத்தவும் வழி செய்கிறது. அறுவடைக் காலத்தில் மாற்று வேலை இருப்பதே கூலியைப் பேசும் வலிமை தருகிறது. மழையால் அறுவடையே அழிந்த ஆண்டில் இந்த நிறுத்தம் யாரைப் பட்டினியில் தள்ளும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

வெயிலும் ஒரு பேரிடரே. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, உயிரிழந்தோர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்று நிர்ணயித்தது. இறந்தபின் தரும் தொகையைவிட, உச்சிவெயிலில் வேலையை நிறுத்தினாலும் கூலி குறையாது என்ற உறுதியே கூலியாளுக்குத் தேவை.

பிச்சாவரத்தின் பாடம்

உண்மையான தீவுகளுக்கிடையே வாழ்பவர்களும் அண்டை மாவட்டத்தில் உள்ளனர். கடலூர் மாவட்டம் பிச்சாவரத்தின் அலையாத்திக் காட்டுத் திட்டுகளுக்கிடையே கையால் இறாலும் நண்டும் பிடித்து வாழ்பவர்கள் அப்பகுதி இருளர்கள். 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் உள்ளூர் மக்களுடன் இணைந்து, சிதைந்த பகுதிகளில் மீன்முள் வடிவில் கால்வாய் வெட்டி, கடல்நீர் மீண்டும் ஏறியிறங்க வழிசெய்தன. அலையாத்தி துளிர்த்தது. 2004 ஆழிப்பேரலையின்போது அக்காட்டின் பின்னிருந்த குடியிருப்புகளில் சேதம் குறைந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்தனர்.

அதே பேரலைக்குப் பின், நாகப்பட்டினம் பகுதி முகாம்களில் தலித்துகளுக்குத் தங்குமிடமும் குடிநீரும் மறுக்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் ஆவணப்படுத்தின. இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இயற்கை அரணை மீட்டெடுப்பது பாதி வேலை. அந்த அரணின் பயன்மீதும் நிவாரண வரிசையிலும் ஒடுக்கப்பட்டவருக்குச் சம உரிமையை நிலைநாட்டுவது மறுபாதி.

செய்ய வேண்டியவை

செயற்பாட்டாளர்களும் மாணவர்களும் தொடங்கக்கூடிய பணிகள் பல உள்ளன.

முதலாவது, நில ஆவணத் தேடல். வட்டாட்சியர் அலுவலகத்தின் ‘அ’ பதிவேட்டிலும் பழைய நிலவரித் திட்டப் பதிவேட்டிலும் டி.சி. நிலம் என்ற குறிப்பைத் தேடி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே நகல் பெற்று, கிராமவாரியாகப் பட்டியல் தயாரிக்கலாம்.

இரண்டாவது, குடியிருப்பு வரைபடம். எந்தச் சேரி எந்த மழையில் எத்தனை நாள் நீரால் சூழப்பட்டது, பாதை எங்கே மூழ்கியது, எத்தனை குடும்பங்களுக்குப் பட்டா இல்லை என்ற விவரங்களை மாவட்டப் பேரிடர் மேலாண்மைத் திட்டத்திலும் ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் காலநிலை இயக்கத்திலும் சேர்க்கக் கோரலாம்.

மூன்றாவது, சட்டத்தைப் பயன்படுத்துதல். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 3(1)(எஃப்), 3(1)(ஜி) ஆகியவை பட்டியல் சாதியினர், பழங்குடியினரின் நிலத்தை அபகரிப்பதையும், நிலம், நீர், பாசன வசதி மீதான அவர்களது உரிமையில் குறுக்கிடுவதையும் குற்றமாக்குகின்றன. மதகு மறுக்கப்படுவதும் வன்கொடுமையே.

நான்காவது, நிதிக்கணக்கு. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டத்துக்கென 2024இல் தமிழ்நாடு தனிச்சட்டம் இயற்றியுள்ளது. அந்நிதியில் மேட்டு மனை, பாதை, குடிநீர், வெள்ளக் காப்பிடம் ஆகியவற்றுக்கு ஒதுக்கீடு கேட்பது சலுகையன்று. 2023 நவம்பரில் தொடங்கிய பிரதமர் ஜன்மன் திட்டம் இருளர் உள்ளிட்ட தொல்பழங்குடியினருக்கு வீடு தருகிறது. மனை இல்லாத குடும்பம் அதில் விடுபடாமல் பார்க்க வேண்டும்.

ஐந்தாவது, நிவாரணப் பட்டியலில் ‘கூலி இழப்பு’ என்ற வரிசையைச் சேர்க்கும் கோரிக்கை. வேலை அட்டை உள்ள ஒவ்வொரு தொழிலாளிக்கும் இழந்த நாட்களின் கணக்கில் தொகை வழங்க அரசிடம் தரவு ஏற்கெனவே உள்ளது.

2025 ஜூலை 11 அன்று மராத்திய இராணுவ நிலக்காட்சிகள் என்ற தொகுப்பின் பகுதியாகச் செஞ்சிக் கோட்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. தொகுப்பின் 12 கோட்டைகளில் மகாராட்டிரத்துக்கு வெளியே உள்ளது இது ஒன்றே. கோட்டையின் குன்றுகளில் ஒன்றுக்குச் சக்கிலிதுர்க்கம் என்று பெயர். இனி இங்கு சாலையும் சுற்றுலா வருவாயும் வரும். அந்த வருவாயிலும் வேலையிலும் சுற்றியுள்ள சேரிகளுக்குரிய பங்கு இப்போதே கோரப்பட வேண்டும். கோட்டையின் குளங்களைப் பாதுகாக்கக் கிடைக்கும் கவனத்தில் ஒரு பகுதியாவது, அடுத்த புயலில் மூழ்கப்போகும் குடியிருப்புகளின் மனைப் பட்டாவுக்கும் கிடைக்குமானால், அதுவே செஞ்சியில் காலநிலை நீதியின் தொடக்கமாக இருக்கும்.