பிளாஸ்மா ஆய்வுக்கூடமும் நொய்யல் ஆறும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

கழிவுநீரை முற்றிலும் மீட்டெடுக்கத் தவறிய திருப்பூர்ச் சாய, சலவைப் பட்டறைகளை மூடுமாறு 2011 சனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. நீரின்றித் துணியைப் பதப்படுத்தும் வழிகளுள் ஒன்றாகச் சுட்டப்படுவது பிளாஸ்மா. அது எந்த ஆய்வு மரபில் தோன்றியது, திருப்பூரின் சிக்கலில் எப்பகுதியைத் தொடுகிறது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஆய்வு மரபு

அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் வளர்ந்த பிளாஸ்மா இயற்பியல் திட்டம், 1986இல் காந்திநகரில் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனமாக உருப்பெற்றது. அங்கு 1989இல் இயங்கத் தொடங்கிய ஆதித்யா டோகமாக், வெப்பம் மிகுந்த பிளாஸ்மாவைக் காந்தப்புலத்தால் அடக்கிவைக்கும் கருவியாகும். அணுக்கருப் பிணைவு அதன் இலக்கு. தூசுப் பிளாஸ்மா ஆய்வு இதனின் வேறான கிளை. பிளாஸ்மாவில் மிதக்கும் நுண்துகள்கள் எலக்ட்ரான்களைக் கவர்ந்து எதிர்மின்னூட்டம் பெறுகின்றன. இவற்றால் ஒலியலையை ஒத்த மெதுவான அலைகள் எழும் என என். என். ராவ், பி. கே. சுக்லா, எம். ஒய். யூ ஆகியோர் 1990இல் கணித்தனர். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1995இல், காந்தப்படுத்தப்பட்ட பிளாஸ்மாவில் அவ்வலைகளை நேரில் கண்டனர்.

துணிக்கு வந்த பிளாஸ்மா

டோகமாக்கின் வெப்பத்தைத் துணி தாங்காது. தூசுப் பிளாஸ்மா ஆய்வுகளில் பெரிதும் கையாளப்படும் குளிர் பிளாஸ்மாவே நெசவுத் துறைக்கும் ஏற்றது. அதில் எலக்ட்ரான்கள் மட்டுமே வெப்பம் மிகுந்தவை, வாயு அறை வெப்பநிலையை ஒட்டியே இருக்கும். 1997இல் இந்நிறுவனம் தொழில்துறைக்கெனத் தனி மையம் அமைத்தது. தேசிய வடிவமைப்பு நிறுவனத்துடன் இணைந்து அங்கோரா முயல் உரோமத்தைப் பதப்படுத்தும் முறையும் உருவாக்கப்பட்டது. வழவழப்பான அவ்வுரோமத்தின் உராய்வைப் பிளாஸ்மா கூட்டுவதால் நூற்பது எளிதாகிறது.

திருப்பூரின் மூலப்பொருளோ பெரிதும் பருத்தி. பருத்தியின் மேலுள்ள இயற்கை மெழுகு நீரை ஏற்காது. அதனால் கோராத் துணியைக் காரம் சேர்த்து வேகவைக்கின்றனர். பிளாஸ்மா அம்மெழுகுப் படலத்தை ஆக்சிசனேற்றம் செய்து, நீரின்றியே துணிக்கு உறிஞ்சும் தன்மை தருகிறது. எனினும் அதன் விளைவு நூலிழையின் மேற்பரப்போடு நின்றுவிடும். இயற்கை நிறத்தை நீக்க வெளுப்பு தேவை. சாயம் ஏற்ற உப்பு தேவை. நொய்யலையும் ஒரத்துப்பாளையம் அணை நீரையும் உவர்ப்பாக்கியதில் இச்சாய உப்புக்குப் பெரும்பங்கு உண்டு.

முடிவுரை

ஆகவே பிளாஸ்மா குறைப்பது முன்பதப்படுத்தலின் நீரையும் காரத்தையுமே. சாயத் தொட்டியின் உப்பைத் தானாகக் குறைப்பதில்லை. ஆய்வுக்கூடங்கள் துணியின் உறிஞ்சுதிறனை அளந்தால் மட்டும் போதாது. ஒரு கிலோ பின்னல் துணிக்கு எவ்வளவு உப்பு குறைந்தது என்பதையும் அளக்க வேண்டும். நொய்யல் கரை உழவர்க்குப் பொருள்படும் அளவுகோல் அதுவே.