உளுந்து வேரிலிருந்து உயிர் உரம் வரை

சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் வட்டாரங்களில் சம்பா அறுவடைக்கு ஏழு முதல் பத்து நாள் முன்பாக, நிற்கும் நெற்பயிருக்குள்ளேயே உளுந்து தெளிப்பது நெடுநாளைய வழக்கம். வயலில் மிஞ்சிய ஈரத்தில் முளைத்து, பனியில் வளரும் இந்தத் தரிசு உளுந்து வீட்டுக்கு வருமானத்தையும் மண்ணுக்கு வளத்தையும் தந்தது. நடவுக்கு முன் தக்கைப்பூண்டை மடக்கி உழுவதும், கோடையில் ஆட்டுக்கிடை போடுவதும் இதே நோக்கத்துக்காகத்தான்.

உளுந்துச் செடியைப் பிடுங்கினால் வேரில் சிறு முடிச்சுகள் தெரியும். நகத்தால் கிள்ளும்போது உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால், அந்த முடிச்சு காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிருக்கு ஏற்ற சத்தாக மாற்றிக்கொண்டிருக்கிறது என்று பொருள். இவ்வேலையைச் செய்யும் ரைசோபியம் பாக்டீரியாவை டச்சு அறிவியலாளர் பெய்ஜரிங்க் 1888-இல் பிரித்தெடுத்தார். இந்தியாவில் என்.வி. ஜோஷி 1920-இல் அதைச் செய்தார். நெல் வயலின் நீலப்பச்சைப் பாசியும் நைட்ரஜனைச் சேர்க்கிறது என்பதை 1939-இல் பி.கே. டே விளக்கினார்.

1960-களில் குட்டை நெல் ரகங்களோடு யூரியாவும் பரவியது. விளைச்சல் பெருகியது, பசுந்தாளும் தொழு உரமும் பின்னுக்குப் போயின. அங்ககச் சத்து குறையக் குறைய, அதை உண்டு வாழும் நுண்ணுயிர்களும் குறைந்தன. அவற்றை வளர்த்து வயலில் சேர்க்கும் முயற்சியே உயிர் உரம்.

நுண்ணுயிரை உயிரோடு கொண்டுசேர்க்க ஓர் ஊடகம் வேண்டும். கடலூர் மாவட்டத்து நெய்வேலியில் கிடைக்கும் பழுப்பு நிலக்கரி அதற்கு ஏற்றது. அதை மாவாக அரைத்து, கால்சியம் கார்பனேட் கலந்து புளிப்பை நீக்கி, நீராவியில் கிருமிநீக்கம் செய்து, பாக்டீரியா வளர்ந்த கரைசலைச் சேர்த்து 200 கிராம் பொட்டலங்களாக அடைப்பார்கள். கடலூரில் வேளாண்மைத் துறையின் உயிர் உர உற்பத்தி மையமே உள்ளது. நெல்லுக்கும் கரும்புக்கும் அசோஸ்பைரில்லம், மணிலாவுக்கும் (நிலக்கடலை) உளுந்துக்கும் ரைசோபியம், மண்ணில் கட்டுண்ட மணிச்சத்தைக் கரைக்கப் பாஸ்போபாக்டீரியா என்று பயிருக்கேற்பப் பயன்படுகின்றன.

விதையை ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்த உயிர் உரத்தில் புரட்டி நிழலில் உலர்த்துவார்கள். நாற்றின் வேரைக் கரைசலில் நனைப்பார்கள். தொழு உரத்தோடு கலந்து வயலிலும் தூவுவார்கள். வெயில் பட்டாலோ, ரசாயன உரத்தோடு நேரடியாகக் கலந்தாலோ பாக்டீரியா மடிந்துவிடும்.

2006-இல் உயிர் உரங்கள் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் வந்தன. தூள் வடிவ பாக்டீரியா உரத்தில் கிராமுக்குக் குறைந்தது 5 கோடி உயிருள்ள செல்கள் வேண்டும் என்று அளவு வகுக்கப்பட்டது. நீண்ட நாள் தாங்கும் திரவ உயிர் உரமும் பின்னர் புழக்கத்துக்கு வந்தது. எந்த வடிவில் இட்டாலும் அந்தப் பாக்டீரியா மண்ணில் நிலைக்க எருவும் பசுந்தாளும் வேண்டும். பழைய வழக்கங்களைக் கைவிடாத வயலில்தான் உயிர் உரம் முழுப் பலன் தரும்.