சிவப்பு மையில் ஒரு திருத்தம்

மகளின் பிரசவத்துக்காக துபாய் வந்து மூன்று மாதம் ஆகிறது. தாயும் சேயும் நலம். புர்ஜ் கலிஃபா முன்னால் நின்று ஏன் படம் போடவில்லை என்று பலர் கேட்டீர்கள். அதைத்தான் எல்லாரும் போடுகிறார்களே! நான் வேறு ஒன்று சொல்ல வந்தேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வகுப்பில் வளைகுடா நாடுகள் பற்றிப் பேச்சு வந்தால் நான் சொல்வது நினைவிருக்கிறதா? "எண்ணெய் கிடைச்சது, பணம் வந்தது, கட்டடம் எழும்பிச்சு. அங்கே கடை உண்டு, கலை கிடையாது." நீங்கள் சிரிப்பீர்கள். உங்கள் விடைத்தாளில் எத்தனை சிவப்புக் கோடு போட்டிருப்பேன். இன்று என் வரிக்கு நானே ஒன்று போடுகிறேன்.

அல் கூஸ் பகுதியில் வேலை பார்க்கும் நம் பழைய மாணவன் ஒருவன், ஒரு சனிக்கிழமை தான் வேலை செய்யும் இடத்தைக் காட்ட அழைத்துப் போனான். பளபளக்கும் துபாய்க்குச் சம்பந்தமே இல்லாத இடம். கராஜ், மரக்கடை, கிடங்கு, தொழிலாளர் குடியிருப்பு. நடுவில் ஒரு வளாகம்: வெளியே பார்த்தால் அதே தகரக் கொட்டகை, ஆனால் கண்ணாடிக் கதவு. என்னடா இது என்றேன். "ஏதோ படம் மாட்டி வைக்கிற இடம் டீச்சர். நம்மள உள்ளே விடமாட்டாங்க." பதினோரு வருஷமாக அந்த வழியில் வேன் ஓட்டுகிறான்! கதவைத் தள்ளினேன். மேசையில் இருந்த பெண் எழுந்து வாங்க என்றாள். டிக்கெட் கிடையாது.

அந்த வளாகத்தின் பெயர் அல்சர்கால் அவென்யூ. வீட்டுக்கு வந்து பேரன் தூங்கும் நேரமெல்லாம் இதைத்தான் படித்தேன்.

எண்ணெய்க்கு முன்பு துபாய் முத்துக்குளிக்கும் ஊர். 1930களில் ஜப்பானின் வளர்ப்பு முத்தும் உலகப் பொருளாதார மந்தமும் அந்தத் தொழிலைப் படுக்க வைத்தன. எண்ணெய் கிடைத்தது 1966ல். முதலில் கைவைத்தது பழைய வீடுகளில்தான். ஈரானின் பஸ்தக் பகுதியிலிருந்து வந்த வணிகர்கள் காற்றுக் கோபுரம் வைத்துக் கட்டிய பஸ்தகியா குடியிருப்பில் ஒரு பகுதி 1980களில் இடிபட்டது. மிச்சத்தைக் காப்பாற்றச் சிலர் போராடினார்கள். அந்தத் தெருவில் குடியிருந்த ஆலிசன் காலின்ஸ் என்ற ஆங்கிலப் பெண், தன் வீட்டுக் கூடத்தில் நண்பர்களின் படங்களை மாட்டி வைத்தார். 1989ல் அது மஜ்லிஸ் கேலரி ஆனது. மஜ்லிஸ் என்றால் விருந்தினர் அமரும் கூடம், நம்ம ஊர்த் திண்ணை மாதிரி.

பிறகு ஏன் கிடங்குக்குப் போனார்கள்? வேறென்ன, வாடகைதான். பெரிய படம் மாட்ட உயர்ந்த கூரையும் வேண்டும். 2005ல் தேர்ட் லைன் கேலரி அல் கூஸில் திறந்தது. அல்சர்கால் குடும்பம் தங்கள் கிடங்குகளைக் கலைஞர்களுக்குக் கொடுக்கத் தொடங்கியது அதற்கு இரண்டு மூன்று வருடம் கழித்து. பக்கத்திலிருந்த மார்பிள் தொழிற்சாலை இடத்தையும் சேர்த்து 2015ல் பெரிதாக்கினார்கள். பெரிய கண்காட்சிகளுக்காக நாலு கிடங்குகளை ஒன்றாக்கி 2017ல் ஒரு கூடமும் வந்தது.

என் வரியை முழுக்க அடித்தவர் ஹசன் ஷரீஃப். 1970களில் பத்திரிகைக்குக் கேலிச்சித்திரம் போட்டவர். லண்டனில் கலை படித்துவிட்டு 1980களில் திரும்பினார். அப்போது இங்கே ஏது கேலரி? நண்பர்களோடு ஷார்ஜாவில் கலைக்கூடம் நடத்தினார், மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். அவர் எடுத்த பொருள் என்ன தெரியுமா? கடைத்தெருவில் குவிந்து கிடக்கும் மலிவுச் சாமான்: ரப்பர் செருப்பு, கயிறு, துணி, ஸ்பூன். கம்பி போட்டுக் கட்டி மலையாகக் குவித்தார். ஊரே வாங்கிக் குவித்துக்கொண்டிருந்தபோது, அந்தக் குவியலையே எடுத்து ஊர் முன்னால் வைத்தார். கடை உண்டு, கலை கிடையாது என்றேனே, அவர் அந்தக் கடைச் சாமானிலேயே கலை செய்திருக்கிறார். 2016ல் காலமானார்.

அன்று அந்த மாதிரி ஒரு கட்டு உள்ளே இருந்தது. நம்ம பையன் முதலில் சிரித்தான். "இதை நாங்க ஸ்கிராப்புக்குப் போடுவோம் டீச்சர்." அப்புறம் குனிந்து கம்பி முறுக்கியிருந்த விதத்தையே ரொம்ப நேரம் பார்த்தான். "கட்டு நல்லா இருக்கு. கை பழகின ஆளு."

கட்டணம் இல்லை, காவலாளி தடுக்கவில்லை. இருந்தும் அந்தக் கதவைத் தாண்ட அவனுக்குப் பதினோரு வருஷமும் கூட ஒரு கிழவி டீச்சரும் தேவைப்பட்டிருக்கிறது. என் பள்ளியில் ஓவிய வகுப்பு நேரத்தைக் கணக்குக்கு எடுத்துக்கொண்டவள் நான்தான் என்பதும் அப்போது நினைவுக்கு வந்தது.

வெளியே வரும்போது அந்தப் பெண்ணிடம் இந்தியில் கேட்டான், அறையில் இருக்கும் ஐந்து பேரையும் கூட்டி வரலாமா என்று. தாராளமாக என்றாள். அடுத்த சனிக்கிழமை ஓவர்டைம் போட்டுவிட்டார்களாம். அதற்கு அடுத்த வாரம் பார்க்கலாம் என்றிருக்கிறான்.